தாழ்நிலத்து மக்களும் சதுரங்கப்பட்டினமும்

படாளத்துக்கு வடக்கே மாமண்டூர்ப் பாலத்தின் கீழ், ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாறு, அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சென்று வயலூரை அடுத்துக் கடலை அடைகின்றது. அம்முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே, கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் அண்டையில், செங்கல்லால் கட்டப்பெற்ற பழங்கோட்டை ஒன்று உள்ளது. ஊர் சதுரங்கப்பட்டினம், சதிரை என்பது மக்கள் வழக்கு. ஐரோப்பியர் நாவில் அது 'சத்ராஸ்' ஆயிற்று. கோட்டையைக் கட்டியவர்கள் ஒல்லாந்தர். மணல் ஓடும் ஆற்றின் கரைக்கு, நீரில் மூழ்கிக் கிடந்த ஒரு நாட்டினர் ஏன் வந்தனர் என்பதை அறிய, முதலில் அந்நாட்டின் நிலத்தை அறிதல் வேண்டும்.

நாம் ஒல்லாந்து என்பது உண்மையில் அந்நாட்டின் ஒரு பகுதியின் பெயரே. நாட்டின் பெயர் நெதர்லாந்து; 'தாழ்ந்த நிலம்' என்பது அதன் பொருள். ரைன், மாஸ், ஸ்கெல்ட் ஆகிய மூன்று ஆறுகளும் வண்டலைக் கொட்டிக் கடலில் கலக்கும் கழிமுகமே அந்நாடு. நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே உள்ளது. ஐரோப்பாவிலுள்ள அதன் பகுதியில் மிக உயர்ந்த இடத்தின் உயரமே 322 மீட்டர்தான். கடல் உள்ளே புகாமல் கரை எழுப்புவதும், கரைக்கு உட்பட்ட நீரைக் காற்றாலைகளால் இறைத்து வெளியேற்றுவதும் அம்மக்களின் அன்றாடக் கடமையாயின. 1953-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கரைகள் உடைந்தபோது அந்நாட்டில் 1,836 பேர் மாண்டனர் என்பதிலிருந்து, அக்கடமை இருபதாம் நூற்றாண்டிலும் எத்துணைக் கடியதாக இருந்தது என்பதை உணரலாம்.

கரை காப்பதற்கென அம்மக்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலே நீர்வாரியங்களை அமைத்துக்கொண்டனர். நிலமுடையோர் கூடி, கரைவரி தண்டி, மராமத்துச் செய்தனர். இச்செய்தி செங்கற்பட்டுச் சீமையாருக்குப் புதிதாகத் தோன்றாது. படாளத்துக்கு மேற்கே உள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்த ஏரி வாரியத்தைப் பேசுகின்றன. அங்கே நீரை வெளியே தள்ளுவதற்கு வாரியம். இங்கே நீரைத் தேக்கி வைப்பதற்கு வாரியம். நோக்கம் வேறாயினும், ஒருவர் பங்கில் கரை உடைந்தால் ஊரே அழியும் என்ற அச்சம் இரண்டு இடத்தும் ஒன்றே. காலத்தால் நம் கல்வெட்டு மூத்தது என்று பெருமை கொள்வதினும், அங்கே அவ்வாரியங்கள் இன்றளவும் தேர்தலோடு இயங்கி வருவதை எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

இவ்வாறு கூடி வாழப் பழகிய மக்கள், ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் வரிச்சுமையையும் சமயக் கொடுமையையும் பொறுக்கவில்லை. 1568-இல் போர் மூண்டது. 1579-இல் வடமாகாணங்கள் ஒன்றிணைந்தன. 1581-இல், குடிகளைக் காவாது ஒடுக்கும் மன்னன் மன்னன் ஆகான் என்று அறிவித்து, பிலிப்பை விலக்கினர். 1648-ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு எண்பதாண்டுப் போர் முடிந்தது. அப்போர் முடிவதற்கு முன்பே அவர்கள் கீழைக்கடல்களில் வலிமை பெற்றிருந்தனர்.

1602-இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினி நிறுவப்பெற்றது. பங்கு சேர்த்த ஆம்ஸ்டர்டாம் வணிகருள் டிர்க் வான் ஓஸ் என்பவர் ஒருவர். அவரே பேம்ஸ்டர் என்னும் ஏரியை வற்றச்செய்து விளைநிலம் ஆக்கும் பணிக்கும் முதலீடு செய்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகள் இறைத்து, 1612-இல் ஏரி நிலமாயிற்று. கடல் வாணிகமும் நிலமீட்பும் இங்ஙனம் ஒரே கைகளில் இருந்தன. அதே 1612-இல், கும்பினி அதிகாரி ஹென்ட்ரிக் ப்ரௌவர் சோழமண்டலக் கரையை மொலுக்காத் தீவுகளின் இடக்கை என்று வருணித்தார். காரணம் எளிது: கிராம்பும் சாதிக்காயும் விளைந்த தீவுகளில் மக்கள் விரும்பி ஏற்றது தமிழகத்துத் துணி. துணி இன்றேல் நறுமணப் பொருள் இல்லை.

ஆகவே பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1658-இல் நாகப்பட்டினம் போர்த்துகீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் சதுரங்கப்பட்டினத்தில் பண்டகசாலை தோன்றியது. அங்கு மெல்லிய துணி பெயர்பெற்றது. இடைத்தரகர் வழியே நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணியைப் பெற்றனர். முன்பணம் வாங்கியவன் பிறருக்கு நெய்ய இயலாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

துணியோடு மனிதரும் கப்பலேறினர். சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் நேர்ந்த ஆண்டுகளில், உண்ண வழியின்றித் தம்மையும் மக்களையும் விற்றோரைக் கும்பினி வாங்கிப் பத்தாவியாவுக்கு ஏற்றியது. இவர்தம் தொகை ஆயிரக்கணக்கானது. கொடுங்கோலனை விலக்குவது குடிகளின் உரிமை என்று முழங்கிச் சரியாக நாற்பதாண்டு கழித்து, 1621-இல், பாண்டாத் தீவுகளில் யான் கூன் என்னும் கும்பினித் தலைவர் தீவினரைப் பெரும்பாலும் கொன்றும் நாடு கடத்தியும் ஒழித்தார். சாதிக்காய்த் தோட்டங்களில் பின்னர் அடிமைகளே உழைத்தனர். ஒல்லாந்தரின் உரிமைப் போரைப் போற்றும் நூல்கள் பல இவ்விரண்டையும் வெவ்வேறு அதிகாரங்களில் வைக்கின்றன. ஒரே அதிகாரத்தில் வைத்துப் படித்தாலன்றி அவ்வரலாறு விளங்காது.

அவர்களிடையே அறிவு நாட்டம் கொண்டாரும் இருந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. பழவேற்காட்டில் பத்தாண்டு பணிபுரிந்த சமயகுரு ஆபிரகாம் ரோஜர், பத்மநாபன் என்னும் அந்தணரின் துணைகொண்டு பர்த்ருஹரியின் பாடல்களை ஒல்லாந்த மொழியில் தந்தார். அவர் நூல் 1651-இல், அவர் மறைந்த பின், வெளிவந்தது. அவர்கள் நம் மொழியிலும் சில சொற்களை விட்டுச் சென்றனர். கையில் துட்டு இல்லை என்கிறோமே, அது அவர்களது 'டொய்ட்' என்னும் செப்புக்காசு. ஈழத்தமிழர் அலுவலகத்தைக் கந்தோர் என்பதும் அவர்களிடம் பெற்றதே.

ஐரோப்பியர் பூசல்கள் சதுரங்கப்பட்டினத்தையும் விடவில்லை. 1754 சனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச இவ்வூரைத் தேர்ந்தனர். ஒல்லாந்தர் நடுநிலையில் நின்றதே காரணம். பேச்சு முறிந்தது. 1781-இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். 1782 பிப்ரவரி 17 அன்று இக்கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதினர். கோட்டைக்குரியவர்களுக்கு அச்சண்டையில் பங்கில்லை. பின்னர் ஊர் திரும்பக் கிடைத்து, 1795-இல் மறுபடி பறிபோய், 1818-இல் மீண்டும் வந்தது. இறுதியாக 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒல்லாந்தர் இந்தியாவிலுள்ள தம் நிலையங்களையும் மலாக்காவையும் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்து, சுமத்திராவின் பென்கூலனைப் பெற்றனர்.

இன்று அங்கே செல்வோர் காண்பவை செங்கல் மதில்களும் பண்டகசாலைகளின் எச்சமும் ஒரு சிறு கல்லறைத் தோட்டமும்தாம். கற்பலகைகளில் குலச்சின்னங்களோடு ஒல்லாந்த எழுத்துகள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. கடலை வெளியே நிறுத்தப் பிறந்த ஊரில் கரை கட்டியவர்கள் இங்கே அக்கடலுக்கு அருகிலேயே கிடக்கின்றனர். அவர்களுக்குத் துணி நெய்தவர்களின் பெயரோ, கப்பலேறியவர்களின் பெயரோ அங்கு எக்கல்லிலும் இல்லை.