திருடனைவிட வேகமா பேசணும்: அலாரம் மோடமின் கதை

டெலிஃபோன் வந்த பிறகுதான் திருட்டு அலாரத்தை அதில் மாட்டினாங்கன்னு நினைப்போம். நடந்தது தலைகீழ். அமெரிக்காவின் பாஸ்டனில் எட்வின் ஹோம்ஸ் 1850களின் கடைசியிலேயே மின்சார அலாரம் வியாபாரத்தில் இறங்கிவிட்டார். கிரஹாம் பெல்லுக்கு ஃபோன் பேட்டன்ட் கிடைத்தது 1876-ல். அடுத்த வருஷமே ஹோம்ஸின் மகன், பேங்குகளுக்கு ஏற்கெனவே இழுத்திருந்த அலாரம் கம்பிகளில் ஃபோனை இணைத்துப் பார்த்தார். பகலில் பேச்சு, ராத்திரியில் காவல். உலகின் ஆரம்பகால ஃபோன் ஸ்விட்ச்போர்டுகளில் அதுவும் ஒன்று.

ஆனா தனிக் கம்பி இழுக்கப் பணக்காரங்களால்தான் முடியும். சாதாரண ஃபோன் லைனில் வெளி கம்பெனியின் கருவியை மாட்ட அமெரிக்காவில் 1968-ல்தான் வழி பிறந்தது, கார்ட்டர்ஃபோன் தீர்ப்பு மூலமா. அதுக்கப்புறம் அலாரம் பெட்டி தானே டயல் பண்ண ஆரம்பித்தது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இங்கதான். 1962-ல் வந்த பெல் 103 மோடமின் வேகம் நொடிக்கு 300 பிட். 1990களின் கடைசியில் 56 கே மோடம் வந்துவிட்டது. அலாரம்காரங்க மட்டும் 300-ஐ விடவில்லை. கஞ்சத்தனம் இல்லீங்க. வேக மோடம்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளவே, அந்தக் 'க்ரீச்' சத்தத்தோட, இருபது நொடி வரை எடுக்கும். அதுக்குள்ள திருடன் பெட்டியைச் சுத்தியலால் உடைச்சிடுவான். அனுப்ப வேண்டியதோ சில எழுத்துகள்தான்.

'கான்டாக்ட் ஐடி' இன்னும் எளிமை. மோடமே வேண்டாம், ஃபோன் பட்டன் ஒலி போதும். கண்காணிப்பு மையம் 1400, 2300 ஹெர்ட்ஸில் இரண்டு 'பீப்' கொடுக்கும். பெட்டி 16 இலக்கங்களைக் கடகடன்னு ஒப்பிக்கும். திருட்டுன்னா 130, தீன்னா 110. மையம் பதிலுக்கு நீளமா ஒரு 'பீப்' அடித்தால் செய்தி சேர்ந்தது. இல்லைன்னா திரும்ப அனுப்பும்.

டெக்னீஷியன் டெஸ்ட் பண்ணும்போது வீட்டு ஃபோனை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அலாரத்தைத் தூண்டணும். பெட்டி அந்தப் பேச்சைத் துண்டித்து லைனைப் பிடுங்குதான்னு பார்க்க. அதுக்காகத்தான் வெளியிலிருந்து வரும் கம்பி முதலில் பெட்டிக்குள் போய், பிறகு மத்த ஃபோன்களுக்குப் போகும். அப்புறம் மையத்தைக் கூப்பிட்டு, எந்த வாடிக்கையாளர் எண் வந்ததுன்னு கேட்கணும். அலாரம் கத்துச்சுன்னா போதும்னு கிளம்புவது என்னைப் பொறுத்தவரை டெஸ்டே இல்லை.

கம்பியையே வெட்டிட்டா? பெட்டியால் மையத்துக்குச் சொல்ல முடியாது. அதனால் தினமும் 602-ன்னு ஒரு சோதனைச் செய்தி போகும். அது வரலைன்னா மையம் விழித்துக்கொள்ளும். ஆனா அதுக்குள்ள ஒரு நாள் போயிருக்கலாம். அதனால்தான் செல்லுலார் துணைக்கு வந்தது. அதுவும் நிரந்தரமில்லை: 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி 3ஜி-யை நிறுத்தியபோது, பழைய ரேடியோ இருந்த பெட்டிகளையெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போ பிரிட்டனில் 2027 ஜனவரிக்குள் பழைய செம்புக்கம்பி ஃபோன் சேவையையே மூடுகிறார்கள். இன்டர்நெட் வழி குரலைச் சுருக்கும்போது இந்தப் பீப்கள் சிதையலாம், கரண்ட் போனால் ரவுட்டரும் போயிடும். முதியவர்கள் கழுத்தில் மாட்டும் அவசர பட்டனும் இதே மாதிரி ஒலிகளை நம்பித்தான் இருக்கு. அப்படிப்பட்ட கருவிகள் வேலை செய்யாமல் போன சம்பவங்களுக்குப் பிறகு, 2023 டிசம்பரில் ஃபோன் நிறுவனங்கள் கட்டாய மாற்றங்களை நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டன. புது ரவுட்டர் மாட்டிய அன்றைக்கே பாட்டி அந்தப் பட்டனை ஒருமுறை அழுத்தி, மையத்தில் யாராவது பேசுறாங்களான்னு பார்க்கணும்.