வானம்பாடி எதைத் தேடுகிறது?

ஆங்கில வகுப்பில் ஷெல்லியின் வானம்பாடி. அடுத்த மணிநேரம் தமிழ் வகுப்பில் முக்கூடற் பள்ளின் ஆற்றுவெள்ளப் பாடல். அதிலும் ஒரு வானம்பாடி. தேர்வுத்தாளில் இரண்டிற்கும் நம் மாணவர் எழுதும் விடை பெரும்பாலும் ஒன்றே: கவிஞர் இயற்கையழகில் தம்மை மறக்கிறார். ஆங்கிலப் பாடலுக்கு இவ்விடை பாதி பொருந்தும். தமிழ்ப் பாடலுக்கு அறவே பொருந்தாது. பொருந்தாத விடை எவ்வாறு நிலைபெற்றது என்பதே நம் கேள்வி.

ஷெல்லி அக்கவிதையை எழுதியது 1820இல், இத்தாலியின் லிவோர்னோ நகரருகே. அவருடைய பறவை கண்ணுக்குப் புலப்படாது; குரல் மட்டுமே மேலிருந்து பொழியும். அது பறவையன்று, ஆவி என்றே தொடக்கத்தில் விளிக்கிறார். பின்பு அதனை எதனோடு ஒப்பிடுவது என்று தேடுகிறார்: சிந்தனை ஒளியில் மறைந்திருக்கும் கவிஞன், கோபுரத்துத் தனிமையில் காதலுற்ற மங்கை, பனியிடையே மின்மினி, இலைகளுக்குள் ஒளிந்த ரோசா. எதுவும் போதவில்லை. இவ்வுவமைகள் யாவும் மறைந்திருப்பவற்றைப் பற்றியவை என்பதைக் கவனித்தால் கவிதையின் உள்ளம் திறக்கும். காணமுடியாத ஒன்றின் மகிழ்ச்சி, அதனைக் கேட்டு நிற்கும் மனிதனின் துயரம், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஆகியவையே அதன் பொருள். பறவையின் பசி அங்கே பேசப்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில்தான் மான்செஸ்டர் நகரில் கூடிய உழைப்பாளர்மீது குதிரைப்படை ஏவப்பட்ட கொடுமையைக் கண்டித்து அவர் நெடுங்கவிதை எழுதினார். உழைப்பவரின் பசியை அறியாதவர் அல்லர் அவர்; ஆனால் அதனை வானம்பாடியிடம் கொண்டுவரவில்லை.

முக்கூடலுக்கு வருவோம். இன்று அம்பாசமுத்திரம் பக்கத்தில் முக்கூடல் என்றோர் ஊர் இருப்பதால் பலர் மயங்குவதுண்டு. பள்ளு குறிக்கும் முக்கூடல், பொருநையோடு சிற்றாறும் கயத்தாறும் கலக்கும் சீவலப்பேரி. நூலாசிரியர் பெயர் கிடைக்கவில்லை. காலம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி எனக் கொள்வர். ஷெல்லிக்கு நூறாண்டுக்கும் மேல் முற்பட்டது.

மறுநாள் வெள்ளம் வரும் என்பதற்கான குறிகளை அப்பாடல் அடுக்குகிறது. மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னல். நேற்றும் இன்றும் வீசிய காற்று. கத்தும் தவளை. சேற்றில் தன் வளையை அடைக்கும் நண்டு. மழையை நாடித் திரளும் வானம்பாடிகள். அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக இவற்றில் ஒன்றும் இல்லை, அத்தனையும் சாட்சிகள். நண்டு வளையடைப்பதைக் காண வேண்டுமானால் வரப்பில் குனிந்து நிற்க வேண்டும்.

மின்னலின் திசைகளும் அவ்வாறே. பொதிகையில் பிறக்கும் பொருநைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அதனால்தான் இப்பள்ளத்தாக்கில் கார், பிசானம் என இரு நெற்பருவங்கள். மேற்கே மலையாளம், தென்கிழக்கே ஈழம் என்று பாடல் காட்டும் இரு திசைகளை இவ்விரு மழைகளின் வாயில்களாக நாம் வாசிக்கிறோம். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியதும், பொருநைக் கரை முழுதும் மூழ்கியதும் குமரிக்கடல் பக்கத்துக் காற்றுச் சுழற்சியால். பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை நாளிதழில் பார்த்து மழையை அளக்கப் பழகிய நமக்கு மேற்கு ஒன்றே நினைவில் நிற்கிறது. பள்ளு பாடியவர் இரு பக்கமும் பார்த்தார்.

வானம்பாடி மழைத்துளியை உண்டு வாழும் பறவை என்பது நம் மரபின் பழைய நம்பிக்கை. மழை பொய்த்து அப்பறவை வாடும் காலத்தும் காவிரி பொய்யாது என்றே பட்டினப்பாலை தொடங்குகிறது. ஆக, நம் வானம்பாடி பசித்த பறவை. வயலில் நிற்பவனும் பறவையும் ஒரே மழைக்குக் காத்திருக்கின்றனர். ஷெல்லி நோகும் அந்தத் தூரம் இங்கே இல்லை.

பொருந்தாத விடை வந்த வழியில் பாரதிக்கும் ஓர் இடமுண்டு. நெல்லை இந்துக் கல்லூரியில் 1894 முதல் 1897 வரை பயின்ற எட்டயபுரத்துச் சிறுவர், பின்னாளில் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் சூடினார். அவருடைய சிட்டுக்குருவி விடுதலையின் உருவம். புதுவையில் 1912ஆம் ஆண்டளவில் எழுதிய குயில் பாட்டில் குயிலே காதலி. கேட்டு மயங்குபவர் ‘நான்’ என்னும் தனி மனிதர். தமிழுக்கு அது பெரும் வரவு. அதனை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்த வாசகர், பழம்பாடல்களிலும் அந்தத் தனி ‘நானை’த் தேடத் தொடங்கினர். கிடைக்காத இடத்தில் ‘இயற்கை வருணனை’ என்று எழுதி நிறுத்தினர்.

இச்சிக்கலைத் தனிநாயக அடிகளின் நூலொன்றின் பெயர் மாற்றத்திலேயே காணலாம். வடக்கன்குளத்தில் ஆசிரியப்பணி ஆற்றித் தமிழில் தோய்ந்த அவர், 1950களின் தொடக்கத்தில் தூத்துக்குடியிலிருந்து ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வின் தலைப்பு ‘பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை’ என்னும் பொருளது. 1966இல் திருத்திய பதிப்பு ‘நிலமும் கவிதையும்’ என்னும் பொருளில் வந்தது. ‘இயற்கை’ துணைத்தலைப்புக்கு இறங்கிற்று. அவர் கருதியது எதுவாயினும், இரண்டாம் தலைப்பே நமக்கு உவப்பானது. இயற்கை பார்ப்பதற்கு உரியது. நிலம் ஒருவருக்கு உடைமையும் மற்றொருவருக்கு உழைப்புமாக இருப்பது.

சிற்றாற்றின் மேல்முனையிலுள்ள குற்றாலக் குறவஞ்சிக்கும் இது பொருந்தும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் மலைவளப் பாடலைத் தனியே எடுத்து அருவிக் காட்சியாகப் படிக்கிறோம். அது குறி சொல்லிப் பிழைக்கும் ஒரு பெண், வசந்தவல்லியிடம் தன் மலையைப் பற்றிப் பேசும் பெருமிதம் என்பதை மறந்துவிடுகிறோம்.

முக்கூடலில் இம்மறதி இன்னும் கொடியது. பாடநூல்கள் வெள்ளத்தோடு நிறுத்திக்கொள்ளும், நூல் நிறுத்துவதில்லை. வெள்ளம் ஐந்திணையும் கடந்து வந்தபின் பண்ணைக்காரன் வருகிறான். மூத்த பள்ளியின் முறையீட்டின்பேரில் குடும்பன் தொழுவில் மாட்டப்படுகிறான். பின்பு அவளே அவனை விடுவிக்க மன்றாடுகிறாள். அதன் பிறகே விதை, மாடு, உழவு. உழவின்போது காளை முட்டி அவன் விழுவதும் உண்டு. நண்டின் வளையைக் கண்டு மழையறிந்தவனின் கால்கள்தாம் கட்டையில் கிடக்கின்றன.

இது உழைப்பவரின் நேர்க்குரல் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். புலவர் ஒருவர் கோயிலையும் பண்ணையையும் சார்ந்து நின்று, அவர்களின் வாழ்வைச் சில இடங்களில் நகைப்புக்கும் உள்ளாக்கி எழுதியது. இரு மனைவியர் ஏசல் அவ்வகைப்பட்டது. எனினும் அந்த மழைக்குறிகளை அவர் சேரியிலிருந்துதான் பெற்றிருக்க முடியும்.

மு. அருணாசலம் பதிப்பு கிடைப்பவர்கள் ஆற்றுவெள்ளத்தில் தொடங்கித் தொழுவிலிருந்து குடும்பன் விடுபடும்வரை ஒரே அமர்வில் வாசித்துப் பார்க்கலாம். ஷெல்லியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். இரு பறவைகளும் ஒன்றையொன்று விளக்கும்.