1990: ஒரு வருடமும் ஓர் இலக்கமும்



வகுப்பில் "1990 என்றால் என்ன?" என்று கேட்டேன். முன்வரிசையில் ஒரு பிள்ளை உடனே, "அம்புலன்ஸ், சேர்" என்றது. வேறு பதில் வரவில்லை. நான் கேட்டது வருடத்தை. அந்த வருடம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். என் வகுப்பில் பலர் அவர்களுடைய பேரப்பிள்ளைகள். ஆனாலும் பிள்ளையைக் கோபிக்க மனம் வரவில்லை. அதுவும் உயிர் சம்பந்தப்பட்ட 1990தானே.

கிடுகுக் குடிசைகளில் இருந்த அந்தக் காலத்தில் இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், தெரிந்த வேன்காரரை எழுப்ப வேண்டும், இல்லையென்றால் லொறி. வைத்தியசாலை அம்புலன்ஸ் என்பது ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியைக் கொண்டுபோகும் வண்டி. வீட்டு வாசலுக்கு வருவது அதன் வேலையல்ல. கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்திக்கே சுமார் 40 கிலோமீற்றர்.

வைத்தியத்தை வாசலுக்குக் கொண்டுபோகலாம் என்று காட்டியவர் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகர வைத்தியர் பிராங்க் பான்ட்ரிட்ஜ். மாரடைப்பில் பலர் வைத்தியசாலைக்கு வருமுன்பே இறப்பதைக் கண்டு, நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியைக் கார் பற்றரியில் இயங்கச் செய்து, 1966இல் அம்புலன்ஸில் ஏற்றினார். அதன் எடை சுமார் 70 கிலோ! 1986இல் இத்தாலியில் 11,000க்கும் அதிகமான நோயாளிகளில் நடந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை வலி தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுத்தபோது, இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 6 மணித்தியாலம் கடந்து கொடுத்தபோது சொல்லும்படியான பலன் இல்லை. மருந்து ஒன்றுதான், நேரம்தான் வேறு.

நமக்கு இது வந்து சேர 2016 ஆனது. அந்த வருடம் ஜூலை 28இல் இந்திய நன்கொடையாகக் கிடைத்த 88 வண்டிகளுடன் மேல், தென் மாகாணங்களில் சுவசெரிய தொடங்கியது. ஹைதராபாத்தில் 2005இல் தொடங்கிய 108 சேவைதான் அதற்கு மாதிரி. இந்தியா நமக்குள் நுழைகிறது என்று எதிர்ப்பும் கிளம்பியது. (இப்போது அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.) 2018இல் தனிச் சட்டம் வந்தது, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் வண்டிகள் வந்தன. காசு இல்லை, இரவு பகல் இல்லை.

ஆனால் நாம் இன்னும் பழைய 1990இலேயே இருக்கிறோம். நெஞ்சைப் பிடித்தால் வாயு என்கிறோம். உள்ளி, சோடா, எண்ணெய் தேய்ப்பு. "சுபஹ் வரை பார்ப்போம்." என் மாமா ஒருவர் அப்படித்தான் சுபஹ் வரை பொறுத்தார். அஸருக்குப் பிறகு அடக்கினோம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலுமாகக்கூட மாரடைப்பு வரும். நம்மில் சீனி இல்லாத வீடு எது?

எங்கள் வீதியில் ஓட்டோ சில வேளை அம்புலன்ஸை முந்தும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் வழியில் இதயம் நின்றுவிட்டால், ஓட்டோக்காரத் தம்பி என்ன செய்வார்? அம்புலன்ஸில் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். பத்தலங்குண்டு போன்ற தீவில் இருப்பவர்களுக்கோ இன்றைக்கும் முதலில் வள்ளம்தான், கரைக்கு வந்த பிறகுதான் 1990. அங்கே வாடியில் இருக்கும் சகோதரர்கள், இரவில் புறப்பட ஒரு வள்ளத்தையும் ஓட்டியையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, விலாசம். நம் ஒழுங்கைகள் பலவற்றுக்குப் பெயர்ப்பலகை இல்லை. பதற்றத்தில் "பள்ளிக்குப் பக்கத்தில்" என்றால் எந்தப் பள்ளி? அடுத்த வாரம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, பாலாவிச் சந்தியிலிருந்து தன் வீட்டு வாசல் வரை வழி சொல்லச் சொல்லப் போகிறேன். வாப்பாமார் வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.