தொழிற்கல்வியும் நம் இளைஞரும்

கல்வி என்றவுடன் நம் மக்களின் நினைவுக்கு முதலில் வருவது அரசுப் பணியே. இதில் வியப்பொன்றும் இல்லை. நிலமும் முதலும் இல்லாத ஒரு சமுதாயத்திற்குப் பள்ளிச் சான்றிதழ் ஒன்றே பிறர் பறிக்கவியலாத உடைமையாக இருந்து வந்துள்ளது. ஆயினும் தொழில் நடத்தும் ஆற்றலும் நம் முன்னோரிடம் இருந்தது என்பதற்கு வரலாறு சான்று கூறுகின்றது. நம் இளைஞர்கள் மாணவர்களைக் கூட்டிக் கணினியும் தொழில் முனைவும் கற்பிக்க முன்வரும் இந்நாளில், அவ்வரலாற்றை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

இரட்டைமலை சீனிவாசனார் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிந்தவர். அவர் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். இவர்களைச் சிந்தனையாளர்களாக மட்டுமே நாம் போற்றுகிறோம். இதழ் நடத்துவதென்பது அச்சுக்கூலி, தாள் விலை, அஞ்சல் செலவு, சந்தா நிலுவை அனைத்தையும் ஈடுகட்டவேண்டிய ஒரு தொழிலுமாகும் என்பதை மறந்துவிடுகிறோம். இரங்கூனில் வாணிகம் செய்து பெயர் பெற்ற பெ. மா. மதுரைப்பிள்ளையும் நம்மவரே. எனவே தொழில் முனைவு நமக்குப் புதிதன்று.

ஆனால் திறமை மட்டும் இருந்தால் போதுமா? அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே இதற்கு விடை தரும். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளியல் பயின்று 1917இல் தாயகம் திரும்பிய அவர், பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசகர் தீண்டத்தகாதவர் எனத் தெரிந்தவுடன் வாடிக்கையாளர் வருவது நின்றது, நிலையமும் மூடப்பட்டது. 1918 நவம்பரில் அவர் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் பணி ஏற்றார். அக்காலத்து இந்தியாவில் அவருக்கு நிகராகப் பொருளியல் கற்றோர் மிகச் சிலரே. அத்தகையவருக்கே சந்தையின் கதவு அடைக்கப்பட்டது என்றால், எளியோரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

முதலின் கதையும் இத்தகையதே. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பிறருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தும், அப்பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. கடன் கேட்டுச் செல்பவனிடம் வங்கி ஈடு கேட்கின்றது. ஈடாகக் காட்ட நிலம் ஏது?

இனித் திருச்சிராப்பள்ளியின் கதைக்கு வருவோம். நாகப்பட்டினத்து இரயில்வே பணிமனை 1928இல் பொன்மலைக்கு மாறியது. 1960களில் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனம் எழுந்தது; 1964இல் துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி தோன்றியது. அதுவே 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாயிற்று. புதிதாகத் தொழில் தொடங்குவோரை வளர்த்தெடுக்க 'டிரெக்-ஸ்டெப்' என்னும் தொழில் முனைவோர் பூங்கா 1986இல் அங்கு அமைக்கப்பட்டது. மிகுமின் நிறுவனத்தின் வேலைகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்யும் பட்டறைகள் சுற்றிலும் பெருகின. நம்மவர் பலர் அங்கே கையுழைப்புக்குச் சென்றனர். பட்டறையின் உரிமையாளர் வரிசையிலோ நம்மவரைத் தேடித்தான் காண வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றச் சில வழிகள் இன்று திறந்துள்ளன. தமிழ்நாட்டில் 1974இல் 'தாட்கோ' தோற்றுவிக்கப்பட்டது. மைய அரசின் துறைகளும் நிறுவனங்களும் ஆண்டுதோறும் கொள்முதல் செய்வதில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் நடத்தும் குறு, சிறு தொழிலகங்களிடம் வாங்குதல் வேண்டும் என 2012ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணை கூறுகின்றது. பொன்மலையும் திருவெறும்பூரும் மைய அரசைச் சார்ந்தவை என்பதை நம் இளைஞர் கருத்தில் கொள்ளல் வேண்டும். 2023இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், ஈடில்லாக் குறையை ஓரளவு போக்கும் வகையில் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் வழங்குகின்றது. அதன் உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய்.

இவ்வழிகளில் நுழையும் வாயில் இன்று கணினியே. தொழிலகப் பதிவு, சரக்கு சேவை வரிக் கணக்கு, ஒப்பந்தப்புள்ளி, 2016இல் தொடங்கிய அரசு மின்சந்தை அனைத்தும் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. அதனை அறியாதவனுக்குச் சட்டம் அளித்த 4 விழுக்காடும் ஏட்டுச் சுரைக்காயே. ஆதலின் கணினிப் பயிற்சி என்பது விசைப்பலகையில் தட்டச்சுப் பழகுவதோடு நின்றுவிடலாகாது. திட்ட அறிக்கை எழுதுதல், விலை கணித்தல், வரவு செலவு பதிதல், ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளைப் படித்துணர்தல் ஆகியவற்றையும் மாணவர் கற்றல் வேண்டும்.

தமிழக அரசு 2022இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி அளிக்கின்றது. அரசு செய்வதை அரசு செய்யட்டும். இளைஞர் செய்யவேண்டுவதும் ஒன்றுண்டு. தேசியத் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 'இக்னைட்' என்னும் குழு அமைத்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சி அளிக்கின்றனர். சேரிகள்தோறும் நம் இளைஞர் நடத்திவரும் இரவுப் பாடசாலைகளையும் நாம் அறிவோம். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு எங்கே தடுமாற்றம் நேரும் என்பதை, அதே தெருவில் முன்னால் படித்த அண்ணனும் அக்காளும் நன்கறிவர். அவ்விரவுப் பாடசாலையிலேயே வாரம் இருநாள் தொழிற்பாடமும் நடத்தலாம். மாணவியர்க்கு அதில் சரிபாதி இடம் வேண்டும்.

உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடினார் என்பர். அவரை உலோகசாரங்க முனிவர் தம் தோளில் சுமந்து திருவரங்கத்துக் கோயிலுக்குக் கொண்டுசென்றார் என்பது வைணவ மரபு. அவர் ஒருவர் உள்ளே சென்றார். அவருடைய சுற்றம் பல நூற்றாண்டுகள் கரையிலேயே நின்றது. ஒருவர் உயர்வதால் மட்டும் சமுதாயம் உயர்ந்துவிடாது என்பதே நாம் இதிற் பெறும் பாடம்.

இளைஞர்களே! நம்மில் ஒருவர் பட்டறை வைத்தால் அது அவர் குடும்பத்தின் வாழ்வு. அவர் தாம் கற்றதை ஐந்து மாணவர்க்குக் கற்பித்தால் அது சமுதாயத்தின் வாழ்வு. வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம் பள்ளிப் படிப்பை வீடுதோறும் கொண்டுசெல்ல உழைத்தது. தொழிலறிவை வீடுதோறும் கொண்டுசெல்வது உங்கள் கடன்.