துப்பறியும் கதை நீர்வளூருக்கு வந்த கதை

ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே, பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது நீர்வளூர். இந்தப் பக்கம் என்றாலே இன்று கார், கைபேசி, சிப்காட் என்றுதான் பேச்சு. 115 நாவல்கள் எழுதிய ஒருவரைத் தமிழுக்குத் தந்த ஊர் இது என்பது பலருக்குத் தெரியாது. 1901 டிசம்பர் 1 அன்று பிறந்த கோதைநாயகி பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. அப்படிப்பட்டவர் எழுதிய முதல் நாவல், பிலடெல்பியாவிலும் பாரிசிலும் லண்டனிலும் வளர்ந்த ஒரு சரக்கு: துப்பறியும் நாவல். அது அவர் கைக்கு எப்படி வந்தது?

1841-ல் பிலடெல்பியாவில் பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டிருந்த எட்கர் ஆலன் போ, பூட்டிய வீட்டுக்குள் நடந்த இரட்டைக் கொலையை மூளையாலேயே துப்புத் துலக்கும் ஒருவரைப் படைத்தார். கதை நடப்பது பாரிசில்; போ அந்த நகரத்தைப் பார்த்ததே இல்லை. மறுவருடம் அசல் பாரிசில் யூஜீன் சூ, நகரத்தின் இருட்டுச் சந்துகளை நாளிதழில் தொடராக எழுதத் தொடங்கினார். அடுத்த நாள் பேப்பர் எப்போது வரும் என்று ஊரே காத்திருந்தது.

லண்டனில் இதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸ். டிக்கன்ஸின் பிக்விக் புகழ்பெற்றபோது அதே பாத்திரத்தைப் பிரான்சுக்கு அனுப்பித் தனியாக ஒரு நாவல் எழுதிவிட்டவர் அவர். சூவின் ‘பாரிஸ் மர்மங்க’ளைப் பார்த்து 1844-ல் ‘லண்டன் மர்மங்க’ளை ஆரம்பித்தார். வாரம் ஒரு இதழ், விலை ஒரு பென்னி. இங்கிலாந்தின் இலக்கிய உலகம் பின்னாளில் அவரை மறந்தது, இந்தியா மறக்கவில்லை. கப்பலேறி வந்த அவருடைய நாவல்களை இங்கே ஆங்கிலம் படித்தவர்கள் ஆவலாகப் படித்தார்கள், பல மொழிகளில் தழுவினார்கள்.

தமிழில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். ரெயினால்ட்ஸை நம் ஊர் ஜமீன்களுக்கும் மாளிகைகளுக்கும் கொண்டுவந்தார். அவர் எழுத்தில் ஷெர்லக் ஹோம்ஸ் சாயலில் துப்பறியும் ஆனந்தசிங் வந்தார். ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908-ல் வெளியாகி, துப்பறியும் கோவிந்தனை வீட்டுக்கு வீடு அறிமுகம் செய்தது. தாசில்தார் உத்தியோகத்தை விட்டுவிட்டு எழுத வந்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் துப்பறியும் திகம்பர சாமியாரை உருவாக்கினார். இவர்களைத் தழுவல்காரர்கள் என்று விமர்சகர்கள் ஒதுக்கியது சரியில்லை என்பேன். ஆங்கிலம் தெரியாத ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு உலகத்தின் கதைச் சந்தையைத் திறந்துவிட்டவர்கள் இந்தத் தழுவல்காரர்கள்தான்.

அப்படிப்பட்ட பெண்களில் ஒருவர் கோதைநாயகி. ஐந்தரை வயதில், 1907-ல் கல்யாணம். கணவர் வை.மு. பார்த்தசாரதியின் வீடு திருவல்லிக்கேணியில். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்லிச் சொல்லியே கற்பனை வளர்ந்தது. கணவர் நாடகங்களுக்கு அழைத்துப் போனார். ‘இந்திர மோகனா’ என்ற நாடகம் மனத்தில் உருவாகிவிட்டது. ஆனால் எழுதத் தெரியாது. அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். பிறகுதான் அவரே எழுதப் பழகினார். அதே திருவல்லிக்கேணியில் இருந்த வடுவூரார் தட்டிக்கொடுத்தார். நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை 1925-ல் எடுத்து நடத்தத் தொடங்கிய கோதைநாயகி, அதில் தன் முதல் நாவலான ‘வைதேகி’யைத் தொடராக வெளியிட்டார். மர்மத்தையும் திருப்பத்தையும் முன்னோர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். அவற்றுக்குள் அவர் வைத்தது விதவையின் வாழ்வு, வரதட்சிணை, கள்ளின் கேடு, பெண் கல்வி. ரெயினால்ட்ஸின் சட்டை அவரிடம் வந்தபோது முழுக்கக் கதர்ச் சட்டையாகிவிட்டது. அவரும் காந்தியைச் சந்தித்தபின் கதருக்கு மாறியவர்தான். 1932-ல் மறியல் செய்து சிறைக்குப் போனார். அங்கேயும் நாவல் எழுதினார்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி தன் கணக்கைத் தொடங்கியிருந்தார். மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தபடி 1916-ல் எழுதிய முதல் நாவல், பதிப்பாளர்கள் சிலர் திருப்பி அனுப்பியபின் 1920-ல்தான் அச்சேறியது. ‘வைதேகி’ வந்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. கிறிஸ்டி எழுதிய துப்பறியும் நாவல்கள் 66. கிறிஸ்டிக்குப் பதிப்பாளர் கிடைத்தால் போதுமாயிருந்தது. கோதைநாயகியோ ஆசிரியராகவும் பதிப்பாளராகவும் தாமே இருந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையைத் தாங்கினார்.

இரண்டாம் உலகப்போரில் சென்னை காலியானபோது குடும்பம் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு இடம் பெயர்ந்தது. காகிதம் கிடைப்பதே அரிதான அந்த நாட்களிலும் ‘ஜகன்மோகினி’யை அவர் விடவில்லை. இன்று ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் தொழிற்சாலைச் சாலை புறப்படுவது அதே சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்துதான்.

அவர் கதைகள் திரைக்கும் போயின: 1937-ல் ‘ராஜமோகன்’, 1938-ல் ‘அனாதைப் பெண்’. 1960 பிப்ரவரியில் அவர் மறைந்தபின், 1966-ல் ‘தயாநிதி’ நாவல் கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘சித்தி’யாக வந்தது. பத்மினி நடித்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஏராளம். மூலக்கதை யாருடையது என்று கேட்டவர்கள் குறைவு.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது. ஷிப்ட் முடிந்து வரும் அந்தப் பெண்கள் கைநீட்டி எடுக்கும் இடத்தில் ‘வைதேகி’யும் ‘தயாநிதி’யும் இருக்க வேண்டும். விடுதியை நடத்துகிறவர்களும் பதிப்பாளர்களும் மனம் வைத்தால் இது நடக்கும். தயவுசெய்து நடத்திக் காட்டுங்கள்.