ரோட்டவேட்டர் ஷாஃப்ட் ஏன் முறிகிறது? முறுக்கு விசையைத் தெரிந்துகொண்டால் செலவும் மிச்சம், ஈரமும் மிச்சம்

ஆடியில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் கந்தர்வகோட்டை, கறம்பக்குடி, ஆலங்குடி பக்கம் கடலை விதைக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ரோட்டவேட்டர் தேவைப்படும். மானாவாரி நிலத்தில் ஈரம் நிற்கும் சில நாட்களுக்குள் உழுது விதைத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் நடுவில் சுற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட் முறிந்தால், ஷாஃப்டுக்கான செலவைவிடப் பட்டம் தவறுவதுதான் பெரிய நஷ்டம்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண்ணில் சரளையும் செம்புறாங்கல்லும் அதிகம். கத்தி கல்லில் மாட்டும் ஒவ்வொரு முறையும் அடி ஷாஃப்டில்தான் விழுகிறது. ஷாஃப்ட் அந்த அடியை எப்படித் தாங்குகிறது, எங்கே தோற்கிறது என்று தெரிந்தால் பாதிப் பழுதை முன்கூட்டியே தவிர்க்கலாம்.

முறுக்கு விசையைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு ஷாஃப்டைச் சுற்ற வைக்கும் விசைக்கு முறுக்கு விசை என்று பெயர். கணக்கு எளிது: குதிரைத்திறனை 716 ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றுகளால் வகுத்தால் கிலோ-மீட்டர் கணக்கில் முறுக்கு விசை கிடைக்கும்.

பி.டி.ஓ.வில் 40 குதிரைத்திறன் கிடைக்கும் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. 40 × 716 ÷ 540 என்றால் சுமார் 53. அதாவது, ஷாஃப்டில் ஒரு மீட்டர் நீளக் கம்பியைக் குறுக்கே பொருத்தி அதன் நுனியில் 53 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்குமோ அவ்வளவு.

இதையே 1440 சுற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டாருக்குப் போட்டால் வெறும் இரண்டரைதான் வரும். போர்வெல்லில் 2850 சுற்று அளவில் ஓடும் 5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டாருக்கு ஒன்றேகால்தான். நீர்மூழ்கி மோட்டாரின் ஷாஃப்ட் ஒல்லியாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஒரே திறனுக்கு வேகம் குறைந்தால் முறுக்கு கூடும். ரோட்டவேட்டரின் கத்தி ஷாஃப்ட் பி.டி.ஓ.வைவிட மெதுவாகச் சுற்றுவதால் அதைத் தடிமனாகச் செய்கிறார்கள்.

ஷாஃப்டுக்குள் என்ன நடக்கிறது?

ஓடாத ஷாஃப்டின் மேல் நீளவாக்கில் சாக்பீஸால் ஒரு நேர்கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுமை ஏறும்போது அந்தக் கோடு லேசாகச் சாயும். இரும்பும் முறுங்கத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மீட்டர் நீள இரும்புத் தண்டு, நாம் சொன்ன 53 கிலோ-மீட்டர் முறுக்கில் சுமார் இரண்டரை டிகிரி முறுங்கும். சுமையை எடுத்தால் பழையபடி நேராகிவிடும்.

முறுங்கும்போது தண்டின் நட்ட நடுவில் அழுத்தம் பூஜ்யம். மையத்திலிருந்து விலக விலக அது கூடிக்கொண்டே போய், மேல்தோலில்தான் உச்சத்தை அடைகிறது. நம் உதாரணத்தில் மேல்தோலில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 630 கிலோ. சாதாரண இரும்பு சுமார் 1400 கிலோ வரை தாங்கும். அதற்கு மேல் போனால் முறுங்கியது முறுங்கியபடியே நின்றுவிடும்.

630 என்பது சீரான ஓட்டத்துக்கு உரிய கணக்கு. கத்தி கல்லில் மாட்டினால் சுமை ஒரு நொடியில் இரண்டு, மூன்று மடங்காக ஏறும். பி.டி.ஓ. நுனியின் பல்லடியில் விட்டம் சுமார் 30 மில்லிமீட்டர்தான். அங்கே சாதாரண ஓட்டத்திலேயே அழுத்தம் 1000 கிலோவைத் தொடும். அதனால்தான் இந்தத் தண்டுகளுக்குச் சாதாரணக் கம்பி உதவாது. நல்ல எஃகு வேண்டும்.

விட்டம் கொஞ்சம் குறைந்தால் பலம் நிறையக் குறையும்

தண்டின் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தேய்ந்த 35 மில்லிமீட்டர் தண்டை லேத்தில் கொடுத்து 32 ஆகக் கடைந்தால் விட்டம் குறைவது 3 மில்லிமீட்டர்தான். பலமோ கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். "லேசாகச் சீவினால் போதும்" என்று பட்டறையில் சொன்னால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. நடுப்பகுதி அதிகம் உழைப்பதில்லை என்பதால் அதை எடுத்துவிட்டாலும் நஷ்டம் சிறிது. விட்டத்தில் பாதி அளவுக்கு நடுவில் துளை போட்டால் எடை கால் பங்கு குறையும். பலம் பதினாறில் ஒரு பங்குதான் குறையும். பி.டி.ஓ. ஷாஃப்டின் நடுப்பகுதியைக் குழாயாகச் செய்வது இதனால்தான். ஆனால் குழாய் நசுங்கினால் இந்தப் பலம் நிற்காது. நசுங்கிய குழாயைத் தட்டி நிமிர்த்தி ஓட்டாதீர்கள்.

முறிந்த இடம் காரணத்தைச் சொல்லும்

ஷாஃப்ட் முறிந்தால் துண்டுகளை உடனே பழைய இரும்புக்குப் போடாமல் உற்றுப் பாருங்கள்.

• பல் வரிகள் நேராக இல்லாமல் சாய்ந்திருந்தால் அளவு மீறிய சுமை ஏறி, தண்டு நிரந்தரமாக முறுங்கியிருக்கிறது.

• குறுக்கே கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாக அறுந்திருந்தால் ஒரே அடியில் போயிருக்க வாய்ப்பு அதிகம். கல், வேர், அல்லது தவறான போல்ட் காரணமாக இருக்கும்.

• முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாக, வளைவு வளைவான கோடுகளோடும், மீதி கரடுமுரடாகவும் இருந்தால் விரிசல் பல நாளாக வளர்ந்து வந்திருக்கிறது. வழவழப்பான ஓரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அங்கே துரு, வெட்டுக்காயம், பழைய வெல்டிங், கூர்மையான கீ-வே மூலை இவற்றில் ஒன்று இருக்கும்.

• வார்ப்பிரும்புபோல் நொறுங்கும் பொருள் சுருள் போலச் சாய்வாக முறியும். ஒரு சாக்பீஸை இரு கையாலும் முறுக்கிப் பார்த்தால் இதே சாய்வு தெரியும்.

மேல்தோல்தான் அதிக அழுத்தத்தைச் சுமக்கிறது என்பதால், மேல்தோலில் விழும் சிறு காயமும் பெரிய சேதத்துக்கு ஆரம்பம். ஷாஃப்டைச் சுத்தியலால் அடித்துக் கழற்றக் கூடாது.

ஷியர் போல்ட்: முறிய வேண்டியது அதுதான்

அளவு மீறிச் சுமை வந்தால் முதலில் முறியட்டும் என்றுதான் ஷியர் போல்ட் வைத்திருக்கிறார்கள். மலிவான போல்ட் முறிந்தால் ஷாஃப்டும் கியர் பெட்டியும் பிழைக்கும். அடிக்கடி முறிகிறதே என்று கடினமான போல்ட்டையோ கம்பித் துண்டையோ மாட்டினால் அடுத்த கல்லுக்கு ஷாஃப்ட்தான் முறியும்.

கையேட்டில் சொன்ன அளவும் தரமும் உள்ள போல்ட்டை மட்டும் மாட்டுங்கள். போல்ட் தலையில் 4.6, 8.8 என்று தர எண் பொறித்திருக்கும். பருவம் தொடங்கும் முன் நான்கைந்து போல்ட் வாங்கி டிராக்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் கிளட்ச் உள்ள ஷாஃப்டாக இருந்தால் அதன் ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் இறுக்காதீர்கள். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதா என்றும் பாருங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

1. நடுத் தண்டின் இரு முனையிலும் உள்ள கவைகள் (யோக்) ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு பல் மாற்றி மாட்டினாலும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறைந்து, ஷாஃப்ட் உதறும். கிராஸ் சீக்கிரம் போகும்.

2. உள்ளே வெளியே நகரும் இரு பகுதிகளும் நன்றாக ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்திருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருப்பது நல்லது.

3. வரப்பில் திருப்பும்போது ரோட்டவேட்டரை உயரத் தூக்கியபடி பி.டி.ஓ.வை ஓடவிடாதீர்கள். கோணம் கூடினால் கிராஸுக்குச் சுமை.

4. கத்தியை மண்ணில் இறக்கி வைத்துவிட்டு பி.டி.ஓ.வைப் போடாதீர்கள். சற்றே தூக்கி, குறைந்த வேகத்தில் சுற்றவிட்டு, மெதுவாக இறக்குங்கள்.

5. கிராஸுக்கும் நகரும் பகுதிக்கும் கையேட்டில் சொன்ன இடைவெளியில் கிரீஸ் அடியுங்கள்.

முறிந்ததை வெல்டிங் வைக்கலாமா?

அவசரத்துக்கு எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இத்தகைய எஃகில் சாதாரணமாக வெல்டிங் வைத்தால் ஒட்டுக்குப் பக்கத்துப் பகுதி கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அழுத்தம் உச்சத்தில் இருக்கும் மேல்தோலில்தான் அந்த ஒட்டும் இருக்கிறது. ஓரிரு நாள் ஓடலாம், மறுபடி முறியும்போது சுற்றும் துண்டு ஆளையும் அடிக்கலாம். மாற்றுவதே முறை. புதிதாகக் கடையச் சொன்னால், படி இறங்கும் இடத்திலும் கீ-வே அடியிலும் கூர்மூலை விடாமல் வளைவாகக் கடையச் சொல்லுங்கள்.

போர்வெல் வைத்திருப்போருக்கு

கிணற்றில் மணல் வந்து இம்பெல்லர் இறுகினாலும் இதே கதைதான். மோட்டார் முறுக்கும், இம்பெல்லர் நிற்கும், நடுவில் ஷாஃப்ட் மாட்டிக்கொள்ளும். ஆம்பியர் வழக்கத்தைவிட ஏறினாலோ தண்ணீரோடு மணல் வந்தாலோ உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். இறுகிய மோட்டாரைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

உயிர் முக்கியம்

540 சுற்று என்றால் ஒரு நொடிக்கு 9 சுற்று. 35 மில்லிமீட்டர் தண்டுகூட நொடிக்கு ஒரு மீட்டர் துணியை இழுத்துச் சுற்றிவிடும். துண்டையோ வேட்டி நுனியையோ சேலையையோ உதறி எடுக்க நேரம் கிடைக்காது. பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். போல்ட் மாற்றுவதானாலும் சிக்கிய கொடியை எடுப்பதானாலும் இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்த பிறகே கிட்டே போங்கள்.

சந்தேகம் இருந்தால் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ கேட்கலாம். மழைக்கு முன்பே ஒரு நாள் ஒதுக்கி ஷாஃப்டைக் கழற்றித் துடைத்து, பல் சாய்வும் விரிசலும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஈரம் வந்த பிறகு பட்டறை வாசலில் காத்திருக்க வேண்டியிருக்காது.