மைனார்ஸ்கியும் பேர்ச்சலும்

1942 ஏப்ரல் 9ஆம் திகதி, கல்முனைக்கு வடக்கே மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 307 பேர் மாண்டார்கள். அந்தப் படை வருவதை ஐந்து நாள் முன்பே கண்டு சொன்னவர் லெனர்ட் பேர்ச்சல் என்ற கனேடிய விமானி. 'இலங்கையைக் காத்தவர்' என்று பெயர் பெற்றவர். அதே கனேடிய விமானப்படையில் அன்ட்ரூ மைனார்ஸ்கி என்றொருவரும் இருந்தார். சக வீரருக்காக உயிரைக் கொடுத்தவர் என்று கனடாவில் இன்றும் போற்றப்படுபவர். இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் தியாகம் நம் கண்ணில் படுகிறது, எது படாமல் போகிறது என்பது விளங்கும்.

1944 ஜூன் 12 இரவு, பிரான்ஸின் கம்ப்ரே ரயில் தளத்தைத் தாக்கப் புறப்பட்டது மைனார்ஸ்கியின் லங்காஸ்டர் விமானம். ஜெர்மானியப் போர்விமானம் சுட்டதில் அது தீப்பற்றியது. எல்லோரையும் குதிக்கச் சொன்னார் விமானி. குதிக்கும் வாசலடிக்கு வந்துவிட்ட மைனார்ஸ்கி, வால்பக்கத் துப்பாக்கிக் கூண்டுக்குள் நண்பர் பாட் புரொஃபி அகப்பட்டுக் கிடப்பதைக் கண்டார். தீக்குள் தவழ்ந்து அவரிடம் போனார். கோடரியால் கொத்தினார், வெறுங்கையாலும் இழுத்துப் பார்த்தார். கூண்டு அசையவில்லை. 'நீ போ' என்று புரொஃபி கைகாட்டினார். உடுப்பும் பரசூட்டும் எரிந்துகொண்டிருக்க, நண்பனைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்துவிட்டு மைனார்ஸ்கி குதித்தார். தீக்காயங்களால் இறந்தார். வயது 27. விமானம் தரையில் மோதியபோது புரொஃபி வெளியே வீசப்பட்டு உயிர் பிழைத்தார்.

ஆக, மைனார்ஸ்கியின் முயற்சி பலிக்கவில்லை. புரொஃபி தப்பியது வேறு வழியில். இருந்தும் 1946இல் மைனார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ் வழங்கினார்கள். சரியாகத்தான் செய்தார்கள். யர்மூக் போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடந்தவர்கள், தண்ணீரை 'முதலில் அவருக்கு' என்று ஒருவர் மற்றவருக்கு அனுப்பிய சம்பவத்தைப் பள்ளிவாசல் பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தண்ணீரும் எவரையும் காப்பாற்றவில்லை. ஆனாலும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதைச் சொல்லி வருகிறோம்.

பேர்ச்சலின் கதையில் இலங்கையர் அறிந்தது முதல் பாதி. 1942 ஏப்ரல் 4இல் அவரும் அவரது குழுவினரும் கொக்கலையிலிருந்து பறந்து, தெற்குக் கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார்கள், சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். ஒன்பது பேரில் மூவர் மாண்டனர், ஆறு பேர் கைதாயினர். அந்த எச்சரிக்கையால் மறுநாள் தாக்குதலுக்கு முன் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்களை வெளியேற்ற முடிந்தது.

மறு பாதி ஜப்பானியச் சிறைமுகாம்களில் நடந்தது. மூன்று ஆண்டுகளுக்கும் மேல். முகாமில் மூத்த அதிகாரி என்ற பொறுப்பைத் தோளில் ஏற்று, நோயாளிகளை வேலைக்கு இழுக்கும் காவலர்களுக்குக் குறுக்கே நின்றார். 1944இல், நோயாளிகளை வேலைக்கு அனுப்புவதை எதிர்த்துக் கைதிகளை வேலைநிறுத்தம் செய்ய வைத்தார். அதற்காக அடி வாங்கினார். தண்டனை முகாமுக்கு அனுப்பப்பட்டார். நடந்த கொடுமைகளை ஒளித்து ஒளித்து எழுதி வைத்தார். போர்க்குற்ற விசாரணையில் அந்தக் குறிப்புகள் சாட்சியாயின.

கடலில் செய்ததற்கு ஒரு பதக்கமும், முகாமில் செய்ததற்கு ஓ.பி.ஈ. விருதும் அவருக்குக் கிடைத்தன. இரண்டாவதைப் பற்றி இங்கே பேச்சே எழுவதில்லை. மைனார்ஸ்கியின் செயலைச் சிலையாக வடிக்கலாம். அவரது படைப்பிரிவு பறந்த மிடில்டன் சென்ட் ஜோர்ஜில் 2005இல் வடித்தும் வைத்தார்கள். நாள்தோறும் வாங்கும் அடியை எந்தக் கல்லில் செதுக்குவது? அதோடு, 2004வரை வாழ்ந்து முடித்தவரைத் தியாகி என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

மைனார்ஸ்கி இழந்தது உயிரை. அதற்கு ஈடு கிடையாது. ஆனால் நெருப்பு அவருக்கு யோசிக்க நேரம் தரவில்லை. பேர்ச்சலுக்கு யோசிக்க மூன்று ஆண்டுகள் இருந்தன. நேற்று வாங்கிய அடியின் வலி மாறுவதற்கு முன்பே இன்றும் முன்னே போய் நிற்க வேண்டும். இரண்டில் இதுவே கடினம் என்பது என் முடிவு.

1942ஐப் பற்றி வகுப்பில் பேசும் நம் ஊர் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பேர்ச்சல் அனுப்பிய செய்தியோடு நிறுத்திவிடாதீர்கள். முகாமில் அவர் நின்ற நிலையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.